மேற்பரப்புகள் வழியாகத் தீநுண்மங்கள் பரவுதல்

மேற்பரப்புவழிப் பரவல் என்பது, நோயுற்ற ஒருவரிடமிருந்து வெளியேறும் தீநுண்மங்கள் (வைரசுகள்) உயிரற்ற பொருள் ஒன்றின் மேல் படிந்து, அப்பொருளைத் தொடும் மற்றொருவரின் உடலுக்குள் புகுந்து நோயை உண்டாக்குவதைக் குறிக்கும். இவ்வாறு நோயைக் கடத்தும் பொருள் மருத்துவத்தில் ஃபோமைட்டு எனப்படுகின்றது. தமிழில் இதனைத் தொற்றுகடத்திப் பொருள் எனலாம். கதவுப்பிடி, பேருந்தின் பிடிகம்பி, மின்தூக்கியின் பொத்தான்கள், பொதுக் கழிப்பறையின் குழாய்த் திருகி, பணத்தாள், பலர் பயன்படுத்தும் கணினி விசைப்பலகை போன்றவை இதற்கு எடுத்துக்காட்டுகள் ஆகும்.

ஒரு பொருளின் மேல் தீநுண்மம் காணப்படுவதும், அப்பொருளால் நோய் பரவுவதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு தீநுண்மத்துக்குத் தீநுண்மம் பெரிதும் வேறுபடுகின்றது. வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் உண்டாக்கும் நோரோவைரசுக்கு அத்தொலைவு மிகக் குறைவு. கோவிட்-19 நோயை உண்டாக்கும் கொரோனாவைரசுக்கு அது மிக அதிகம்.

சொற்பிறப்பும் வரலாறும்

ஃபோமைட்டு என்னும் சொல் இலத்தீன் மொழியில் எளிதில் தீப்பற்றும் சுள்ளியைக் குறிக்கும் ஃபோமெசு என்னும் சொல்லிலிருந்து வந்தது. இத்தாலிய மருத்துவரும் கவிஞருமான கிரோலாமோ ஃபிராகசுட்டோரோ 1546 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொற்று பற்றிய நூலில், நேரடித் தொடுகை, தொற்றைத் தாங்கியிருக்கும் பொருள்கள், தொலைவிலிருந்து பரவுதல் என மூன்று வழிகளில் நோய் பரவும் எனக் கூறியுள்ளார். நுண்ணோக்கி உருவாவதற்கு முன்பே, துணியிலும் மரத்திலும் நோயின் வித்து தங்கியிருக்கக்கூடும் என அவர் கருதியது குறிப்பிடத்தக்கது. சுள்ளியில் நெருப்பு ஒளிந்திருப்பது போலப் பொருளில் நோய் ஒளிந்திருக்கின்றது என்பதே இச்சொல்லின் உட்பொருள்.

இக்கருத்து தீய நோக்கத்துக்கும் பயன்படுத்தப்பட்டது. 1763 ஆம் ஆண்டு சூன் மாதத்தில், வட அமெரிக்காவின் பிட் கோட்டையில் முற்றுகையிடப்பட்டிருந்த பிரித்தானியத் தரப்பினர், பேச்சுவார்த்தைக்கு வந்த அமெரிக்கப் பழங்குடித் தூதர்களுக்குப் பெரியம்மை மருத்துவமனையிலிருந்து எடுக்கப்பட்ட இரண்டு போர்வைகளையும் ஒரு கைக்குட்டையையும் கொடுத்தனர். கோட்டையிலிருந்த வணிகர் ஒருவரின் நாட்குறிப்பில் இது பதிவாகியுள்ளது. அப்பகுதியில் அதற்கு முன்னரே பெரியம்மை பரவியிருந்ததால், போர்வைகள் எந்த அளவுக்கு நோயைப் பரப்பின என்பதில் வரலாற்றாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பெரியம்மைத் தீநுண்மம் உலர்ந்த கொப்புளப் பொருக்குகளில் நெடுநாள் நிலைத்திருக்கக்கூடியது. 1977 ஆம் ஆண்டில் சோமாலியாவில் ஏற்பட்ட நோயே இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை ஆகும். 1980 ஆம் ஆண்டில் அந்நோய் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது.

பரவும் முறை

பாக்டீரியாக்கள் ஈரமும் உணவும் கிடைத்தால் மேசையின் மேலேயே பெருகக்கூடியவை. தீநுண்மங்கள் அவ்வாறல்ல. உயிருள்ள உயிரணுவுக்கு வெளியே அவற்றால் பெருக இயலாது. ஆகவே, ஒரு மேற்பரப்பில் படிந்த கணத்திலிருந்து தொற்றவல்ல தீநுண்மங்களின் எண்ணிக்கை குறையத்தான் செய்யும், ஒருபோதும் கூடாது. இப்பொருளைப் புரிந்து கொள்வதற்கு இதுவே அடிப்படை.

பரவல் நிகழ வேண்டுமெனில் பல படிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற வேண்டும். நோயாளி போதிய அளவு தீநுண்மத்தை வெளியேற்ற வேண்டும். அது பொருளின் மேல் படிய வேண்டும். அடுத்தவர் தொடும் வரை அது சிதையாமல் இருக்க வேண்டும். தொடும்போது ஒரு பகுதி விரலுக்கு மாற வேண்டும். விரலில் இருக்கும் வரை சிதையாமல், விரலிலிருந்து கண், மூக்கு அல்லது வாய்க்குச் சென்று சேர வேண்டும். அங்கு சேரும் அளவு நோயை உண்டாக்கப் போதுமானதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு பகுதியே அடுத்த படிக்குச் செல்வதால், மொத்த வாய்ப்பு இப்பகுதிகளின் பெருக்குத்தொகையாக அமைகின்றது. ஐந்து படிகளில் ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கே தப்பிச் செல்வதாகக் கொண்டால், தொடக்கத்தில் இருந்த ஓர் இலட்சம் துகள்களில் கடைசியில் எஞ்சுவது ஒன்றே ஒன்று. (இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள், அளவிடப்பட்டவை அல்ல.) அந்த ஒன்று போதுமா என்பது எந்தத் தீநுண்மம் என்பதைப் பொறுத்தது.

சிதைவின் வேகத்தை அரைவாழ்வுக் காலத்தால் அளப்பது வழக்கம். 2020 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட, பலராலும் எடுத்தாளப்பட்ட ஆய்வில், கோவிட்-19 தீநுண்மத்தின் அரைவாழ்வுக் காலம் நெகிழியின் (பிளாத்திக்கு) மேல் ஏறத்தாழ 6.8 மணிநேரம் எனவும், துருப்பிடிக்காத எஃகின் மேல் 5.6 மணிநேரம் எனவும் கண்டறியப்பட்டது. நெகிழியின் மேல் 72 மணிநேரம் வரை தொற்றவல்ல தீநுண்மம் காணப்பட்டது என்னும் செய்தியே நாளிதழ்களில் இடம்பெற்றது. அந்த 72 மணிநேரத்தில் அதன் அளவு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிட்டது என்னும் செய்தி அதே ஆய்வில் இருந்தும் பெரும்பாலும் விடுபட்டுப் போனது. "மூன்று நாள் உயிர்வாழும்" என்று படிக்கும் ஒருவர், மூன்றாம் நாளிலும் முதல் நாளின் ஆபத்து அப்படியே இருப்பதாக எண்ணுவது இயல்பே.

தீநுண்மத்தின் உறையும் பொருளின் தன்மையும்

சில தீநுண்மங்கள் கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்றைப் பெற்றுள்ளன. இன்ஃபுளுவென்சா, கொரோனாவைரசுகள் ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை. உறை சிதைந்தால் தீநுண்மம் செயலிழக்கும். சவர்க்காரமும் எரிசாராயமும் கொழுப்பைக் கரைப்பதால் இவற்றை எளிதில் செயலிழக்கச் செய்கின்றன. உறையற்ற தீநுண்மங்களான நோரோவைரசு, ரோட்டாவைரசு, இரைனோவைரசு, அடினோவைரசு போன்றவை புரதக் கூட்டினால் மட்டுமே சூழப்பட்டவை. உறையற்றது மெலிதானது என எண்ணத் தோன்றினாலும், உண்மையில் இவையே வெளிச்சூழலை நன்கு தாங்குகின்றன.

பொருளின் தன்மையும் முக்கியமானது. 1982 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இன்ஃபுளுவென்சா தீநுண்மம் எஃகு, நெகிழி போன்ற வழவழப்பான பரப்புகளில் 24 முதல் 48 மணிநேரம் வரையும், துணி, தாள் ஆகியவற்றில் 8 முதல் 12 மணிநேரத்துக்கும் குறைவாகவும் நிலைத்திருந்தது. எஃகிலிருந்து கைக்கு 24 மணிநேரம் வரை அது மாறியது. மெல்லிய கைத்துடைப்புத் தாளிலிருந்து 15 நிமிடங்கள் வரையே மாறியது. கையின் மேலோ ஐந்தே நிமிடங்களில் அதன் அளவு பெரிதும் குறைந்தது. நுண்துளைகள் உள்ள பொருள்கள் ஈரத்தை உறிஞ்சித் தீநுண்மத்தைத் தமக்குள் சிக்க வைத்துக்கொள்வதே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. செம்பின் மேல் தீநுண்மங்கள் விரைவில் செயலிழக்கின்றன. மேற்குறிப்பிட்ட 2020 ஆம் ஆண்டு ஆய்வில் நான்கு மணிநேரத்துக்குப் பின்னர் செம்பின் மேல் தொற்றவல்ல கோவிட்-19 தீநுண்மம் காணப்படவில்லை. வெப்பமும் சூரிய ஒளியும் சிதைவை விரைவுபடுத்துகின்றன.

தீநுண்மத்தோடு சேர்ந்து வரும் பொருளும் கணக்கில் கொள்ளத்தக்கது. சுவிட்சர்லாந்தின் பணத்தாள்களில் 2008 ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட ஆய்வில், இன்ஃபுளுவென்சா தீநுண்மம் மிகுந்த செறிவில் தனியே இடப்பட்டபோது மூன்று நாட்கள் வரை நிலைத்தது. மூச்சுக்குழாய்ச் சளியோடு கலந்து இடப்பட்டபோது 17 நாட்கள் வரை நிலைத்தது. ஆய்வகத்தில் தூய நீர்மத்தில் எடுக்கப்படும் அளவீடுகளைப் பேருந்துக் கம்பிக்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது என்பதை இது காட்டுகின்றது. சளி போன்றவை ஒருபுறம் தீநுண்மத்தைக் காக்கின்றன. மறுபுறம், ஆய்வகங்களில் இடப்படும் அளவு நோயாளியின் இருமலில் விழுவதைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பதுண்டு.

கையும் முகமும்

மேற்பரப்பையும் மூக்கையும் இணைக்கும் பாலம் கை. ஆத்திரேலியாவின் சிட்னி நகரில் 26 மருத்துவ மாணவர்களை விரிவுரையின்போது காணொளியில் பதிவு செய்து ஆராய்ந்த ஆய்வு ஒன்று (2015), ஒருவர் மணிக்குச் சராசரியாக 23 முறை தம் முகத்தைத் தொட்டார் எனக் கண்டறிந்தது. அத்தொடுகைகளில் 44 விழுக்காடு கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மீது அமைந்தவை. நோய்த்தடுப்பைப் பற்றிப் படித்த மாணவர்கள் இவர்கள். தொடுகிறோம் என்பதே தொடுபவருக்குத் தெரிவதில்லை.

கையிலிருந்து பொருளுக்கும் தீநுண்மம் மாறுகின்றது. நோரோவைரசு படிந்த விரல்கள் அடுத்தடுத்து ஏழு தூய பரப்புகள் வரை அதனைக் கொண்டு சேர்ப்பதை 2004 ஆம் ஆண்டின் பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. இலண்டன் கிரேட் ஆர்மண்டு தெரு குழந்தைகள் மருத்துவமனையில் நடந்த மற்றொரு ஆய்வில் (2020), மனிதருக்குத் தீங்கற்ற பூக்கோசுத் தீநுண்மம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட மரபுப்பொருள் ஒரு கட்டிலின் கைப்பிடியில் மட்டும் தடவப்பட்டது. பத்து மணிநேரத்தில், ஆராயப்பட்ட இடங்களில் 41 விழுக்காட்டில் அது காணப்பட்டது. கதவுப்பிடிகள், காத்திருப்போர் இருக்கைகள், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். இது தொடுகையின் வரைபடமே அன்றி நோயின் வரைபடம் அன்று.

தடுமனும் இரு ஆய்வுகளும்

தடுமனுக்கு (சாதாரண சளிக்கு) முதன்மைக் காரணமான இரைனோவைரசு எவ்வாறு பரவுகின்றது என்பது பற்றி நிகழ்ந்த விவாதம் சுவையானது. அமெரிக்காவின் வர்சீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1982 ஆம் ஆண்டில், தீநுண்மம் படிந்த காப்பிக் கோப்பையின் பிடியைத் தொட்டுப் பின் கண்ணையும் மூக்கையும் தொட்ட 10 பேரில் 5 பேருக்கும், நெகிழி ஓடுகளைத் தொட்ட 16 பேரில் 9 பேருக்கும் தொற்று ஏற்பட்டதைக் காட்டினர். மேற்பரப்பே முதன்மை வழி என்னும் கருத்துக்கு இது வலு சேர்த்தது.

1987 ஆம் ஆண்டில் விசுகான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலியட் டிக்கும் அவரது குழுவினரும் இதற்கு எதிரான முடிவை வெளியிட்டனர். தடுமன் கண்ட ஆண்கள் நலமுள்ள ஆண்களோடு ஒரே அறையில் 12 மணிநேரம் சீட்டாடினர். நலமுள்ளவர்களில் பாதிப் பேரின் கைகள் முகத்தை எட்டாதவாறு கழுத்துப்பட்டையோ கைத்தடுப்போ பொருத்தப்பட்டது. கை தடுக்கப்பட்ட 18 பேரில் 10 பேருக்கும், தடுக்கப்படாத 18 பேரில் 12 பேருக்கும் தொற்றியது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பின்னர், நோயாளிகள் ஆடிப் பிசுபிசுப்பேறிய சீட்டுகளும் வில்லைகளும் எழுதுகோல்களும் வேறோர் அறைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே நலமுள்ள 12 பேர் அவற்றை வைத்து 12 மணிநேரம் ஆடி, அடிக்கடி தம் முகத்தைத் தொட்டனர். ஒருவருக்கும் தடுமன் வரவில்லை.

இரு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாகக் கொள்ளத் தேவையில்லை. முதல் ஆய்வில் தீநுண்மம் படிந்த பொருளைத் தொடுவதற்கும் கண், மூக்கைத் தொடுவதற்கும் இடையே காலம் மிகக் குறைவு, தொடுகை திட்டமிட்டது. இரண்டாவதில் சங்கிலி இயல்பான நீளத்தில் இருந்தது. இவ்வழியில் தடுமன் பரவக்கூடும் என்பதை முதலாவது காட்டியது. ஒரே அறையில் கூடியிருப்போரிடையே காற்றுவழியே அது பெரிதும் பரவக்கூடும் என்பதை இரண்டாவது காட்டியது.

நோரோவைரசு

மேற்பரப்புவழிப் பரவலுக்குத் தெளிவான எடுத்துக்காட்டு நோரோவைரசு ஆகும். 1968 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து நார்வாக் நகரப் பள்ளியொன்றில் பரவிய நோயிலிருந்து இது பெயர் பெற்றது. 1972 ஆம் ஆண்டில் ஆல்பர்ட்டு கபிக்கியன் இத்தீநுண்மத்தை எதிர்மின்னி நுண்ணோக்கியின் துணையுடன் கண்டறிந்தார். இது உறையற்றது, பல நாட்கள் பரப்பில் நிலைத்திருப்பது, நோயாளியின் வாந்தியிலும் மலத்திலும் கோடிக்கணக்கில் வெளியேறுவது. நோயை உண்டாக்க நூற்றுக்கும் குறைவான துகள்களே போதும். மேலே கூறிய பெருக்கல் கணக்கில் இரு முனைகளும் தீநுண்மத்துக்குச் சாதகமாக அமைந்த நிலை இது.

1999 ஆம் ஆண்டு சனவரியில் வேல்சு நாட்டின் இசையரங்கு ஒன்றில் பார்வையாளர் ஒருவர் அரங்கினுள்ளும் அருகிலிருந்த கழிப்பறையிலும் வாந்தி எடுத்தார். மறுநாள் அங்கு வந்த 15 பள்ளிக் குழுக்களில் 8 குழுக்களைச் சேர்ந்தோர் நோயுற்றனர். ஐந்து நாட்களில் அரங்குக்கு வந்தவர்களுள் 300-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். வாந்தி எடுக்கப்பட்ட தளத்தில் அமர்ந்த மாணவர்களுக்கு ஏனையோரை விட நோய் வரும் வாய்ப்பு ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. முதல் நோயாளி அப்போது அங்கு இல்லை. அரங்கம் துப்புரவு செய்யப்பட்டிருந்தது, ஆனால் முறையாகத் தொற்றுநீக்கம் செய்யப்படவில்லை.

2007 ஆம் ஆண்டு பிப்ரவரியில் வாசிங்டன் டி.சி. நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நோய் பரவியபோது, முதல் வகுப்பு அறையில் குழந்தைகள் பகிர்ந்து பயன்படுத்திய கணினியின் சுட்டியிலும் விசைப்பலகையிலும் நோரோவைரசின் மரபுப்பொருள் கண்டறியப்பட்டது. கணினியைக் கெடுக்கும் 'வைரசு' பற்றி எழுதப்பட்ட அளவுக்கு விசைகளின் மேல் தங்கும் உண்மையான வைரசைப் பற்றி எழுதப்படவில்லை என்பது இங்கே நினைவுக்கு வருகின்றது. ஈரம் பட்டால் பழுதாகும் என்னும் அச்சத்தால் விசைப்பலகைகள் மேசையை விட அரிதாகவே துடைக்கப்படுகின்றன.

2010 ஆம் ஆண்டு அக்டோபரில் ஓரிகன் மாநிலச் சிறுமியர் கால்பந்து அணியில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. விடுதியில் நோயுற்ற சிறுமி ஒருத்தி குளியலறையில் வாந்தி எடுத்தாள். அங்கே தின்பண்டங்கள் அடங்கிய கடைப்பை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அவள் அப்பையைத் தொடவேயில்லை. மறுநாள் வீடு திரும்பிவிட்டாள். பையிலிருந்த தின்பண்டங்களைப் பகிர்ந்துண்ட அணியினர் ஏழு பேர் நோயுற்றனர். இரு கிழமைகளுக்குப் பின்னரும் பையின் மேல் நோரோவைரசின் தடயம் இருந்தது. வாந்தியின்போது காற்றில் எழும் நுண்திவலைகள் அருகிலுள்ள பொருள்களின் மேல் படிவதை இந்நிகழ்வு காட்டியது. காற்றுவழி, பொருள்வழி என்னும் பிரிப்பு நூல்களில் உள்ள அளவுக்குக் கூர்மையானதன்று.

கோவிட்-19 காலம்

2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோவிட்-19 பரவும் வழி தெளிவாகாத நிலையில், மேற்பரப்புகள் பெரும் கவனம் பெற்றன. மார்ச்சு மாதத்தில் இந்திய நடுவண் அரசு தன் ஊழியர்களின் கைரேகை வருகைப்பதிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. காய்கறிகளும் பால் உறைகளும் கழுவப்பட்டன. டயமண்டு பிரின்செசு கப்பலின் அறைகளில், பயணிகள் வெளியேறி 17 நாட்களுக்குப் பின்னரும் தீநுண்மத்தின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. காணப்பட்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெரிவித்தது. இச்செய்தி, தீநுண்மம் 17 நாட்கள் உயிருடன் இருந்தது எனப் பலவாறு திரித்துப் பரப்பப்பட்டது. ஆர்.என்.ஏ. சோதனை சிதைந்த தீநுண்மத்தின் எச்சத்தையும் காட்டும். இடிந்த வீட்டின் கதவு எண் பலகை கிடைத்தால், அங்கே ஒரு வீடு இருந்தது என்பது மட்டுமே தெரியும். எவரும் குடியிருக்கின்றனர் என்று பொருளாகாது.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் திருப்பூரின் சந்தையொன்றில் மக்கள் நடந்து செல்லும் கிருமிநாசினிச் சுரங்கம் அமைக்கப்பட்டது. வேறு ஊர்களும் அதனைப் பின்பற்றின. உத்தரப் பிரதேசத்தின் பரேலி நகரில் ஊர் திரும்பிய தொழிலாளர்கள் மீது வெளுப்பக்கரைசல் பீய்ச்சப்பட்டது. மனிதர் மீது கிருமிநாசினி தெளிப்பது தீங்கானது, பயனற்றது என நடுவண் நலவாழ்வு அமைச்சகம் அதே மாதத்தில் அறிவித்தது. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையும் இத்தகைய சுரங்கங்கள் வேண்டாம் என அறிவுறுத்தியது. தீநுண்மம் நோயாளியின் மூச்சுக்குழாயில் இருக்கையில் சட்டையை நனைப்பதால் பயன் ஏதும் இல்லை.

2021 ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தீநுண்மம் படிந்த பரப்பை ஒரு முறை தொடுவதால் கோவிட்-19 தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என மதிப்பிட்டது. அதற்குள் பல நிறுவனங்கள் பெருஞ்செலவில் மேசைகளைத் துடைத்தும், சாளரங்களைத் திறக்காமலும் ஓராண்டைக் கழித்திருந்தன. எனினும் இவ்வாய்ப்பு முற்றிலும் இல்லை எனக் கூறவியலாது. 2023 ஆம் ஆண்டில் வெளியான இலண்டன் ஆய்வொன்று, ஒரே வீட்டில் வாழ்வோரிடையே கைகளிலும் அடிக்கடி தொடப்படும் பரப்புகளிலும் தீநுண்மம் காணப்படுவதற்கும் தொற்றுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. வீட்டில் சங்கிலி குறுகியது, தொடுகைகளும் மிகுதி.

தடுப்பு முறைகள்

சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கை கழுவுதல் எல்லா வகைத் தீநுண்மங்களுக்கும் பொருந்தும். உறையுள்ளவற்றை அது சிதைக்கின்றது. உறையற்றவற்றைத் தோலிலிருந்து பெயர்த்து நீரோடு வெளியேற்றுகின்றது. எரிசாராயக் கைத்தேய்ப்பு நீர்மங்கள் இன்ஃபுளுவென்சா, கொரோனாவைரசு ஆகியவற்றுக்கு நன்கு பயன்படும். நோரோவைரசுக்கு அவற்றை நம்பியிருக்க இயலாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவியிருக்கும் விடுதியில் வாயிலில் கைத்தேய்ப்புக் குப்பியை மட்டும் வைப்பது போதாது. குழாயும் சவர்க்காரமும் தேவை.

நோரோவைரசு படிந்த பரப்புகளுக்கு, பத்து இலட்சத்தில் 1000 முதல் 5000 பங்கு குளோரின் அடங்கிய வெளுப்பக்கரைசல் பரிந்துரைக்கப்படுகின்றது. 5 விழுக்காடு செறிவுள்ள கரைசலில் 20 மில்லிலீட்டர் எடுத்து நீர் சேர்த்து ஒரு லீட்டராக்கினால் 1000 என்னும் அளவும், 100 மில்லிலீட்டர் எடுத்தால் 5000 என்னும் அளவும் கிடைக்கும். முதலில் அழுக்கை அகற்ற வேண்டும். கரிமப் பொருள்கள் குளோரினைச் செலவழித்துவிடும். பின்னர் கரைசலைப் பூசிச் சில நிமிடங்கள் ஈரமாகவே விட வேண்டும். பூசிய உடனே துடைத்துவிடுவதே பொதுவாகக் காணப்படும் பிழை. ஒரே துணியால் அடுத்தடுத்த பரப்புகளைத் துடைப்பது தீநுண்மத்தைப் பரப்பும் செயலாகவும் முடியும். வெளுப்பக்கரைசலைக் கழிப்பறை கழுவும் அமிலத்துடன் ஒருபோதும் கலக்கலாகாது. நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வளி வெளிப்படும்.

தொற்றுநீக்கியின் பயனுக்கும் எல்லை உண்டு. முன்னர் கூறிய 1982 ஆம் ஆண்டு ஆய்வில், ஓடுகளின் மேல் தொற்றுநீக்கி தெளிக்கப்பட்டபோது தொற்று விகிதம் 56 விழுக்காட்டிலிருந்து 35 விழுக்காடாகக் குறைந்ததே தவிர, மறையவில்லை. மேலும், நோரோவைரசு நோயாளி நலமடைந்த பின்னரும் இரு கிழமைகளோ அதற்கு மேலோ மலத்தில் தீநுண்மத்தை வெளியேற்றக்கூடும். ஆகையால் பகிர்ந்து பயன்படுத்தும் கழிப்பறையின் குழாய்த் திருகியையும் கதவுத் தாழ்ப்பாளையும் தூய்மை செய்வதை, வாந்தி நின்ற நாளோடு நிறுத்திவிடாமல் அக்காலம் முடியும் வரை தொடர வேண்டியுள்ளது.